பின்னங்கால் லாக் ஆகுற குதிரை: கால்நடை டாக்டர் பதில்கள்

கேள்வி: டாக்டருங்க, போன ஆடியில அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில ஒரு நாலு வயசுக் குதிரை புடிச்சுட்டு வந்தோமுங்க. காலையில அவுத்தா இடது பின்னங்கால பின்னாடியே நீட்டிட்டு நிக்குது, மடக்கவே மாட்டேங்குது, குளம்பு நுனி தரையில இழுபடுது, நாலு எட்டு வெச்சதும் டப்புனு விட்டுருது. மழைன்னு கொட்டாயில கட்டியே போட்டிருந்தோம், இப்ப இன்னும் ஜாஸ்தியா இருக்குதுங்க. மாட்டுக்குப் பண்றாப்ல முட்டியோட உள்நாரை வெட்டிவிட்டா சரியாயிரும்ங்கறாங்க, வெட்டிரலாமுங்களா?
- வாசகர், கோபிச்செட்டிப்பாளையம்

பதில்: இப்ப வெட்ட வேண்டாமுங்க, கட்டிப் போடவும் வேண்டாம். கட்டிப் போட்டதுலதான் ஜாஸ்தி ஆயிருக்குது.

குதிரை நின்னுட்டே தூங்குமில்லீங்களா, அதுக்குன்னே பின்னங்கால்ல ஒரு ஏற்பாடு இருக்குது. தொடை எலும்போட கீழ்முனையில உள்பக்கமா ஒரு மேடு, அதும்மேல முட்டிச்சில்லும் அதோட உள்பக்க நாரும் ஏறி கொக்கியாட்டம் மாட்டிக்கும், கால் மடங்காம நிக்கும். நடக்கணும்னா தொடைச்சதை சில்லைத் தூக்கி விடுவிக்கணும். அந்தச் சதைக்குத் தெம்பு இல்லீன்னா மாட்டுனது மாட்டுனபடியே நின்னுரும், உங்க குதிரைக்கு அதேதான் நடக்குதுன்னு தோணுது. எளசு, மெலிஞ்சது, வேலையில்லாம நின்னது, பின்னங்கால் நேரா குச்சியா இருக்கறது, இதுகளுக்கெல்லாம் இது அதிகம் வரும்.

ஆனா முதல்ல டாக்டர்கிட்ட காட்டிருங்க. மூட்டுல வீக்கமோ வலியோ இருந்தா கதை வேற, கால வெடுக்குனு மேல தூக்கி வயித்துக்கிட்ட கொண்டு போனா அதுவும் வேற வியாதி. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போக முடிஞ்சா ரொம்ப நல்லது, போகும்போது லாக் ஆகுற நேரத்துல போன்ல ஒரு வீடியோ எடுத்துட்டுப் போங்க, ஏன்னா ஆஸ்பத்திரி வாசல்ல எறக்குனதும் குதிரை சமத்தா நடந்து காட்டிரும், டாக்டர் நம்மளத்தான் ஒரு மாதிரி பாப்பாரு.

வலி இல்லீன்னு சொல்லிட்டா மருந்தே நடைதானுங்க. தெனமும் நேர் பாதையில நல்ல நடை, பொறவு கொஞ்சம் கொஞ்சமா துள்ளு நடை, கரடு மேடு பக்கத்துல இருந்தா மெதுவா ஏத்துங்க, மேடு ஏறுறப்பதான் தொடைச்சதை நல்லா வேலை செய்யும். தரையில நாலஞ்சு மூங்கிலைப் போட்டுத் தாண்டி நடக்க வையுங்க. கயித்தைப் புடிச்சுட்டு சின்ன வட்டமா சுத்த விடறது மட்டும் இப்போதைக்கு வேண்டாம், அது மூட்டுக்குத்தான் பாரம். ரேக்ளா வண்டியில பூட்டற நெனப்பையும் இப்போதைக்குத் தள்ளி வெச்சுருங்க. ஒரு வாரத்துல தெரியாது, மாசக்கணக்குல பண்ணணும். மத்த நேரத்துல தோட்டத்துல வேலி போட்ட எடத்துல அவுத்து விட்டுருங்க.

மெலிவா இருந்தா பூச்சிமருந்து குடுத்து, தீனியைப் படிப்படியா ஏத்துங்க. சதை வெக்கட்டும்னு கொள்ளை ஒரேயடியா அள்ளிக் கொட்டுனீங்கன்னா வயித்து வலியில கொண்டு போய் விடும். லாடம் அடிக்கறவருகிட்ட குளம்பு நுனியை நீளமா விடாம, ரெண்டு பக்கமும் சமமா, ஆறு வாரத்துக்கு ஒருக்கா சீவச் சொல்லுங்க, இதை நம்ம ஆளுக கண்டுக்கறதே இல்ல.

கால் மாட்டி நிக்கறப்ப பின்னாடி போய் இழுக்காதீங்க, ஒதை விழும். முன்னாடி நின்னு தலைக்கயித்தைப் புடிச்சு ஓரெட்டு பின்னால நகர வையுங்க, பெரும்பாலும் விட்டுரும். மணிக்கணக்கா விடவே இல்லீன்னா டாக்டரைக் கூப்புடுங்க.

வெட்டற விஷயத்துக்கு வருவோம். மாடு எருமைக்கு அந்த உள்நாரை வெட்டறது நம்ம ஊர்ல சாதாரணம், நல்லாவும் ஆயிருதுங்க. குதிரைக்கும் பண்ணுவாங்க, ஆனா வெட்டுன பொறவு முட்டிச்சில்லோட கீழ்முனை ஒடஞ்சு நொண்டி ஆகற அபாயம் இருக்குது, அதனாலதான் அதுக்கப்புறம் மாசக்கணக்குல ஓய்வு வேணும்பாங்க. முழுசா வெட்டாம நாருல சின்னச் சின்னக் கீறல் போட்டு தடிமனாக்கற முறையும் உண்டு. நடையும் தீனியும் குளம்பும் சரி பண்ணி மாசக்கணக்குல பாத்தும் கேக்கலீன்னா, இல்ல விடாம லாக் ஆகி நிக்குதுன்னா, அப்ப இதுல எதுன்னு டாக்டர்கூட பேசிக்கலாம்.

கேள்வி: அடுத்த சந்தையில வாங்கறப்ப இத எப்படிங்க கண்டுபுடிக்கறது?
- அதே வாசகர்

பதில்: வித்தவரு ஓட்டிக் காட்டறதைப் பாத்து முடிவு பண்ணாதீங்க, சூடாயிட்டா தெரியாது. கொஞ்ச நேரம் சும்மா நிக்க விட்டு, அப்படியே அவுத்து நடத்தச் சொல்லுங்க, பின்னால நகர்த்தச் சொல்லுங்க, ரெண்டு பக்கமும் திருப்பச் சொல்லுங்க. பின்னங்கால் ரெண்டுல ஒரு காலோட குளம்பு நுனி மட்டும் தேஞ்சிருக்கான்னும் குனிஞ்சு பாத்துக்கங்க.