தம் கட்டாமல் தூக்குங்கள்

கேள்வி: எனக்கு வயது 67. பதினோரு வருடமாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். காலையில் பார்த்தால் 134/80 அளவில் இருக்கும். முட்டிவலிக்காகப் போன இடத்தில் பிசியோதெரபிஸ்ட் வெயிட் தூக்கிப் பழகச் சொன்னார். மகள் இரண்டு கிலோ டம்பெல் ஒரு ஜோடி வாங்கித் தந்தாள். முதல் நாள் பத்து தடவை தூக்கி முடித்த கையோடு கணவர் பிரஷர் பார்த்தார். மேல் எண் 168! அன்றே டம்பெல் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. "பிரஷர் உள்ளவர்களுக்கு நடைதான் சரி, வெயிட் தூக்கினால் நரம்பு வெடித்துவிடும்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: அம்மா, டம்பெல்லை வெளியே எடுங்கள். உங்கள் கணவர் அக்கறையில் குறையில்லை, பிரஷர் பார்த்த நேரம்தான் தப்பு. வேகமாக மாடிப்படி ஏறி வந்த உடனே பார்த்திருந்தாலும் எண் கூடத்தான் காட்டியிருக்கும். தசை வேலை செய்யும்போது பிரஷர் ஏறுவதும், நிறுத்தினால் இறங்குவதும் இயல்பு. பயிற்சி முடிந்த சில மணி நேரத்துக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைந்தே இருப்பதும் உண்டு. அதனால் குறைந்தது அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட, ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு, கையை நெஞ்சு உயரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மெஷின் ஓடும்போது பேசக்கூடாது. "எவ்வளவு காட்டுது?" என்று நீங்கள் கேட்டாலே எண் ஏறும்.

நரம்பு என்று அவர் சொல்வது ரத்தக்குழாயை. அந்தப் பயம் ஒன்றுமில்லாததிலிருந்து வந்ததல்ல. 1985-இல் கனடாவில், பாடிபில்டர்களைத் தங்களால் முடிந்த உச்ச எடையைக் காலால் தள்ளவிட்டு, தமனிக்குள்ளேயே அழுத்தத்தை அளந்தார்கள். சராசரி 320/250. ஒருவருக்கு 480/350-ஐயும் தாண்டியது. ஆனால் அது உச்ச எடை, மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளியது. உங்கள் கையில் இருப்பது இரண்டு கிலோ.

எடையைவிட நான் பயப்படுவது மூச்சுக்குத்தான். தம் கட்டித் தூக்குகிறோமே, அப்போது தொண்டை அடைபடுகிறது, வயிறும் நெஞ்சும் உள்ளுக்குள் இறுகுகின்றன, பிரஷர் சட்டென்று எகிறுகிறது. மூச்சை விட்டதும் மடமடவென்று இறங்கி, கிறுகிறுப்பு வரலாம். இதற்கு டம்பெல் வேண்டும் என்பதில்லை. இறுகிப்போன பாட்டில் மூடியைத் திறக்கும்போதும், மலச்சிக்கலில் முக்கும்போதும் நடப்பது இதேதான். தினமும் கழிவறையில் முக்குகிறவர்கள் டம்பெல்லுக்குப் பயப்படுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

மூச்சைப் பிடிக்கிறோமா என்று நமக்கே தெரியாது. அதற்கு ஒரு வழி, வாய்விட்டு எண்ணுவது. முதல் இரண்டு வாரம் டம்பெல்லே வேண்டாம். கைப்பிடி உள்ள நாற்காலியைச் சுவரோரம் போட்டு, நுனிக்கு வந்து உட்காருங்கள். எழும்போது "ஒன்று" என்று சத்தமாகச் சொல்லுங்கள். மெதுவாக உட்காரும்போது மூச்சை இழுங்கள். மறுபடி எழும்போது "இரண்டு". ஐந்து வரை குரல் தெளிவாக வரும். ஏழிலோ எட்டிலோ சொல் தொண்டையில் சிக்கி, எழுந்து நின்ற பிறகுதான் வெளியே வரும். அங்கேயே நிறுத்துங்கள். பத்து வரை போயே தீருவேன் என்ற பிடிவாதம் வேண்டாம். முட்டி வலித்தால் நாற்காலியில் ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

அப்புறம் டம்பெல்லுக்கு வரலாம். அதே எண்ணிக்கை முறை, பத்திலிருந்து பதினைந்து தடவை, கடைசி இரண்டு மட்டும் கொஞ்சம் சிரமமாக இருந்தால் போதும். விரல் கணு வெளுக்கிற அளவுக்கு இறுக்கிப் பிடிக்காதீர்கள், வெறும் பிடியே பிரஷரை ஏற்றும். வாரத்துக்கு இரண்டு நாள், நடுவில் இடைவெளி விட்டு.

நடையா, வெயிட்டா என்ற சண்டைக்கு 2023-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வில் பதில் இருக்கிறது. 270 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், நடை, ஓட்டம் போன்றவை மேல் எண்ணைச் சராசரியாக 4.5 அளவுக்குக் குறைத்தன. வெயிட் பயிற்சியும் ஏறக்குறைய அதே அளவுதான். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு 6. ஆக, நடையை விடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. (அதே ஆய்வில் முதலிடம் சுவரில் முதுகைச் சாய்த்து அரைகுறையாக உட்காருவது போன்ற அசையாப் பயிற்சிகளுக்கு, சுமார் 8. உங்கள் முட்டிக்கு அது இப்போது வேண்டாம்.) இதை நம்பி மாத்திரையை நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள்.

மாத்திரை பற்றி இன்னொன்று. சில பிரஷர் மாத்திரைகள் நாடித்துடிப்பை ஏறவிடாது. அதனால் துடிப்பை எண்ணி "நான் கஷ்டப்படவே இல்லை" என்று முடிவு கட்ட வேண்டாம், உடம்பு சொல்வதைக் கேளுங்கள். வேறு சில, எழுந்து நிற்கும்போது தலைசுற்ற வைக்கும். பயிற்சி முடிந்ததும் அப்படியே நின்றுவிடாமல் வீட்டுக்குள் ஐந்து நிமிடம் நடங்கள்.

ஓய்வாக இருக்கும்போதே மேல் எண் 180-ஐயோ கீழ் எண் 110-ஐயோ தாண்டினால், பயிற்சி கிடையாது, டாக்டரைப் பாருங்கள். நெஞ்சுவலி, திடீர்த் தலைவலி, பார்வை மங்கல் வந்தால் உடனே நிறுத்தி மருத்துவமனைக்குப் போங்கள். இதய வால்வு சுருக்கம், பெருந்தமனி வீக்கம், விழித்திரையில் ரத்தக்கசிவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் டம்பெல்லைத் தொடவே கூடாது.

உங்கள் கணவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. அந்த நேரத்தில் மெஷினை அலமாரியில் வைத்துவிட்டு, நீங்கள் எண்ணுவதைக் கேட்கட்டும். குரல் எங்கே சிக்குகிறது என்று உங்களுக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். அவருக்கும் அறுபது தாண்டியிருந்தால், எதிரே இன்னொரு நாற்காலியைப் போடுங்கள்.