கோவை–திருப்பூர் கோப்பை ஆட்டம்: ஃபோர்சம்ஸை விட்டுவிடாதீர்கள்

கேள்வி: நாங்க செட்டிபாளையம் கோல்ஃப் மைதானத்துல ஆடறவங்க. அமெரிக்காவும் ஐரோப்பாவும் மோதற ரைடர் கப் மாதிரி கோவைக்கும் திருப்பூருக்கும் ஒரு ஆட்டம் வைக்கலாம்னு பேசியிருக்கோம். அணிக்கு எட்டுப் பேர், சனி ஞாயிறு ரெண்டு நாள். ஹேண்டிகேப் (திறமைக்கேத்த மாதிரி ஆளுக்குக் கழிச்சுக்கற ஸ்ட்ரோக்) 8-ல இருந்து 22 வரைக்கும் இருக்குதுங்க. எல்லாரோட ஸ்ட்ரோக்கையும் கூட்டி, கம்மியா வர்ற அணி ஜெயிச்சதுன்னு வச்சுக்கலாமா? ரெண்டு பேருக்கு ஒரே பந்துங்கற ஃபோர்சம்ஸ் வேண்டாங்கறாங்க பாதிப் பேர். திருப்பூர் பக்கம் ஆள் வலு கம்மி. ஜெயிக்கற அணிக்கு ரொக்கம் குடுக்கலாமுங்களா? — பின்னலாடை ஏற்றுமதியாளர், திருப்பூர்

பதில்: முதலில் அந்தக் கூட்டல் கணக்கைக் கைவிடுங்கள். 22 ஹேண்டிகேப் ஆடுபவர் ஒரே குழியில் பத்து, பதினொன்று அடித்துவிடுவது சாதாரணம். கூட்டல் கணக்கில் அந்த ஒரு குழி ஏழு பேரின் நல்ல ஆட்டத்தையும் இழுத்துக்கொண்டு போய்விடும், அவரும் இரண்டு நாளும் தலைகுனிந்தே நடப்பார். ஒவ்வொரு குழியையும் தனித்தனியாக ஜெயிக்கும் மேட்ச் பிளேயில் அப்படியில்லை. பத்து அடித்தாலும் போவது அந்த ஒரு குழிதான், அடுத்த குழியின் டீயில் (முதல் அடி அடிக்கும் இடம்) புதுக் கணக்கு. ரைடர் கப், பெண்களின் சோல்ஹைம் கப், அமெச்சூர்களின் வாக்கர் கப், கர்டிஸ் கப் எல்லாமே குழிக்குக் குழி மோதும் மேட்ச் பிளேதான். உங்கள் அணியில் திறமை ஏற்றத்தாழ்வு இவ்வளவு இருக்கும்போது, அவர்களைவிட உங்களுக்குத்தான் இது அதிகம் தேவை.

ரைடர் கப்பில் அணிக்கு 12 பேர், மூன்று நாள். ஃபோர்சம்ஸ் எட்டு, ஃபோர்பால் (ஜோடியில் ஆளுக்கொரு பந்து, இருவரில் சிறந்த ஸ்கோர் கணக்கு) எட்டு, ஒற்றையர் பன்னிரண்டு, ஆக 28 புள்ளி. உங்கள் எட்டுப் பேருக்கு இதைச் சுருக்கினால், சனிக்கிழமை காலை ஃபோர்சம்ஸ் நான்கு, மதியத்துக்கு மேல் ஃபோர்பால் நான்கு, ஞாயிறு ஒற்றையர் எட்டு. மொத்தம் 16 புள்ளி, எட்டரை எடுத்தால் கோப்பை. எவரும் வெளியே உட்கார வேண்டியதில்லை.

இனி ஃபோர்சம்ஸ். இருவருக்கு ஒரே பந்து, மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். பாதிப் பேர் வேண்டாம் என்பதற்குக் காரணம் எனக்குத் தெரியும்: பணம் கட்டி வந்து பாதி ஷாட்தானே அடிக்கிறோம் என்று தோன்றும். ஆனால் அணி ஆட்டம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். ஃபோர்பாலில் ஆளுக்கொரு பந்து, கூட்டாளி சொதப்பினாலும் நம் பந்து தனியாகக் கிடக்கும். ஃபோர்சம்ஸில் நான் புதருக்குள் அடித்ததை நீங்கள்தான் வெளியே எடுக்க வேண்டும். வாரம் முழுக்கத் தனக்காக மட்டுமே ஆடிப் பழகியவர், கூட்டாளிக்கு எங்கே பந்தை வைத்தால் வசதி என்று யோசிக்கத் தொடங்குவது இங்கேதான். இதை எடுத்துவிட்டால் உங்களிடம் மிஞ்சுவது எட்டுத் தனி ஆட்டங்களும் ஒரு பனியனும்தான். நேரமும் மிச்சம்: குழுவுக்கு இரண்டே பந்து என்பதால் வெயில் ஏறுமுன் முடித்துவிடலாம்.

ஆடுமுன் இதைச் சொல்லிக்கொடுங்கள். ஒருவர் ஒற்றைப்படைக் குழிகளில் டீ அடிப்பார், மற்றவர் இரட்டைப்படையில். முந்தின குழியில் கடைசியாகப் புட் போட்டது (பந்தைக் குழிக்குள் உருட்டியது) யார் என்பது கணக்கில்லை. பெனால்டி விழுந்தாலும் முறை மாறாது. முறை தவறி அடித்தால் மேட்ச் பிளேயில் அந்தக் குழியே போய்விடும். ஜோடி சேர்க்கும்போது ஸ்கோர் கார்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பார்-3 குழிகள் (மூன்று அடியில் முடிக்க வேண்டிய குட்டைக் குழிகள்) ஒற்றைப்படை, இரட்டைப்படை இரண்டில் எந்தப் பக்கம் அதிகமோ, அந்தப் பக்கம் அயர்ன் மட்டையில் நன்றாக அடிப்பவரைப் போடுங்கள். அதைவிட முக்கியம், ஒருவர் தவறினால் மற்றவர் முகம் சுளிக்காத ஜோடியாக இருக்க வேண்டும்.

ஹேண்டிகேப் கணக்கு இப்போதைய உலக முறைப்படி இப்படி. ஃபோர்சம்ஸில் ஜோடியின் கோர்ஸ் ஹேண்டிகேப்பை (அந்த மைதானத்துக்கும் டீக்கும் ஏற்ப வரும் ஹேண்டிகேப்) கூட்டிப் பாதியாக்குங்கள். 8-ம் 16-ம் சேர்ந்தால் 12. எதிர்ஜோடி 14-ம் 22-ம் என்றால் 18. வித்தியாசம் ஆறு ஸ்ட்ரோக், ஸ்ட்ரோக் இன்டெக்ஸ் (ஸ்கோர் கார்டில் குழிகளுக்கு உள்ள கடின வரிசை) ஒன்று முதல் ஆறு வரையுள்ள குழிகளில் எதிர்ஜோடிக்கு. ஃபோர்பாலில் ஆளுக்கு 90 சதவீதம்: அதே நால்வருக்கு 7, 14, 13, 20 என்று வரும். குறைந்தவர் பூஜ்யத்திலிருந்து ஆட, மற்றவர்களுக்கு 7, 6, 13. ஒற்றையரில் வித்தியாசம் முழுவதும். பெண்கள் யாராவது அணியில் இருந்து வேறு டீயிலிருந்து ஆடினால், அந்த டீக்குரிய கோர்ஸ் ஹேண்டிகேப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூர் வலு கம்மி என்பதை மூடிமறைக்க வேண்டாம். 1927-ல் தொடங்கிய ரைடர் கப் பல காலம் அமெரிக்காவும் பிரிட்டனும் மோதிய ஆட்டம். 1935 முதல் 1977 வரை பிரிட்டன் தரப்பு ஜெயித்தது 1957-ல் ஒரே ஒரு முறை. ஆட்டம் சலித்துப்போகும் நிலை வந்தபோது, எதிரணிக்காரரான ஜாக் நிக்லஸே ஐரோப்பிய ஆட்டக்காரர்களையும் சேர்க்கச் சொன்னார். 1979-லிருந்து அது ஐரோப்பிய அணி. ஸ்பெயினின் செவே பாயஸ்டரோஸ் போன்றவர்கள் உள்ளே வந்தார்கள், 1985-ல் கோப்பை கைமாறியது. இன்றைக்கு அந்த ஆட்டத்துக்கு இருக்கும் உயிர் அந்த முடிவிலிருந்து வந்தது. ஆகவே ஈரோடு, அவிநாசி, கரூர் ஆட்களையும் திருப்பூரோடு சேர்த்துவிடுங்கள். முதல் வருடமே செய்துவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் வராது.

பின்னால் ஊட்டி, வெலிங்டன், கொடைக்கானல் கிளப்புகளையும் அழைக்கும் எண்ணம் வந்தால், இந்த இரண்டணி முறை சரிப்படாது. அதற்கு உலக அமெச்சூர் அணிப் போட்டியின் முறை இருக்கிறது, ஐசன்ஹோவர் டிராஃபி என்பார்களே, அது. அணிக்கு மூவர், ஒவ்வொரு நாளும் சிறந்த இரண்டு ஸ்கோர் மட்டும் கணக்கு.

யார் யாரோடு மோதுவது என்பதில் ரைடர் கப் கேப்டன்கள் பட்டியலை ரகசியமாகக் கொடுப்பார்கள். அமெரிக்காவும் ஐரோப்பா நீங்கலான உலக அணியும் மோதும் பிரசிடென்ட்ஸ் கப்பில் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் பெயர் சொல்ல, மற்றவர் அதற்கு ஆள் நிறுத்துவார். நீங்கள் இரண்டாவதையே எடுங்கள். சொந்தபந்தமும் தொழில் பழக்கமும் கலந்த ஊர்களில் எல்லாம் எல்லோர் கண்ணெதிரே நடப்பது நல்லது. சனிக்கிழமை சாயங்காலம் அதற்கென்றே எல்லோரும் தங்குவார்கள். பின்தங்கிய அணி பலமானவர்களை முதலில் இறக்கட்டும். 2012 ரைடர் கப்பில், மெடினாவில் 10–6 என்று பின்தங்கிய ஐரோப்பா அப்படித்தான் இறக்கி, கடைசி நாள் 12-ல் எட்டரைப் புள்ளி அள்ளி ஜெயித்தது.

இரண்டு விஷயத்தை முன்கூட்டியே எழுதி வையுங்கள். ஒன்று, சமன். ரைடர் கப்பில் 14–14 ஆனால் கோப்பை வைத்திருப்பவரிடமே இருக்கும். முதல் வருடம் உங்களிடம் கோப்பை வைத்திருப்பவர் இல்லை. 2003 பிரசிடென்ட்ஸ் கப் சமனானபோது டைகர் வுட்ஸும் எர்னி எல்ஸும் மூன்று குழி கூடுதலாக ஆடியும் தீரவில்லை. இருட்டிவிட்டதால் கேப்டன்கள் நிக்லஸும் கேரி பிளேயரும் கோப்பையைப் பகிர்ந்துகொண்டார்கள். நீங்களும் அப்படியே ஆளுக்கு ஆறு மாதம் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, ஞாயிறு காலை ஒருவர் வர முடியாமல் போவது. திருப்பூரில் கடைசி நேர ஷிப்மென்ட் யாரைக் கேட்டு வருகிறது? இதற்கு ரைடர் கப்பில் உறை முறை உண்டு: எதிரணியில் ஒருவர் ஆட முடியாமல் போனால் தன் அணியில் உட்கார வைக்கும் ஒருவர் பெயரை ஒவ்வொரு கேப்டனும் உறையிலிட்டு முன்பே கொடுத்துவிடுவார். 2025-ல் பெத்பேஜில் ஐரோப்பாவின் விக்டர் ஹோவ்லாண்ட் கழுத்து வலியால் ஒற்றையர் ஆட முடியாமல் போக, அமெரிக்க உறையில் இருந்த ஹாரிஸ் இங்கிலிஷ் உட்கார்ந்தார். ஆளுக்கு அரைப் புள்ளி. அந்த அரைப் புள்ளியைக் குறைவாக நினைக்காதீர்கள். 2015 பிரசிடென்ட்ஸ் கப்பில் நம் அனிர்பன் லாஹிரி கடைசிக் குழியில் ஒரு குறும்புட்டைத் தவறவிட்டு ஆட்டத்தை இழந்தார். அவருடைய உலக அணி தோற்றது 15½–14½; அரைப் புள்ளி கிடைத்திருந்தால் சமன்.

எதிராளியின் குறும்புட்டை ‘கிவ்’ கொடுப்பது, அதாவது அடிக்காமலே விழுந்ததாக ஒப்புக்கொள்வது, அவரவர் விருப்பம், கேட்டு வாங்கக் கூடாது. 1969-ல் கடைசி ஆட்டத்தின் கடைசிக் குழியில் நிக்லஸ், பிரிட்டனின் டோனி ஜாக்லினுக்கு அதைக் கொடுத்தார். ரைடர் கப் வரலாற்றிலேயே முதல்முறையாக 16–16 என்று சமன். ஆட்டக்காரர்கள் கூடியதும் இந்தக் கதையை ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

ரொக்கம் கூடாது. ஹேண்டிகேப் போட்டியில் பணப் பரிசு வாங்கினால் அமெச்சூர் தகுதியே போய்விடும். பொருளாகத் தரலாம், அதுவும் 1,000 அமெரிக்க டாலர் மதிப்புக்குள். அணியில் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் இருந்தால் இதில் கூடுதல் கவனம் வேண்டும். நாளை இந்திய அமெச்சூர் அணிக்குப் போகக்கூடியவர்கள் அவர்கள். ரைடர் கப்பிலும் வெற்றிக்கென்று பரிசுத்தொகை கிடையாது.

தேதிக்கு ஜனவரி, பிப்ரவரியைப் பாருங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் 22 ஹேண்டிகேப் ஆட்களின் பந்து எங்கே போகும் என்று சொல்ல முடியாது, ஐப்பசியில் மழை. காலை ஆறரைக்கு முதல் டீ, பத்து நிமிட இடைவெளி.