நாடியைக் குறைத்தது மருந்தா, நரம்பா?

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்காக (இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் கோளாறு) டிகாக்சின் சாப்பிடுகிறேன். உட்கார்ந்திருந்தால் நாடி 75. மாடி ஏறினால் 140-ஐத் தாண்டுகிறது. மருந்து வேலை செய்யவில்லையா?

செய்கிறது, நீங்கள் உட்கார்ந்திருக்கும் வரை. நரம்புத் தொடர்பே இல்லாவிட்டால் நம் இதயம் நிமிடத்துக்கு 100 முறை அளவில் துடிக்கும். ஓய்வில் 70 என்று பார்க்கிறோமே, அது வேகஸ் நரம்பு இழுத்துப் பிடிப்பதால். டிகாக்சின் அந்தப் பிடியை இன்னும் இறுக்குகிறது. அதனால்தான் மேலறையில் கிளம்பும் தாறுமாறான மின்துடிப்புகளில் பலவும், கீழறைக்குப் போகும் வழியில் வாயிலாக நிற்கும் ஏவி முடிச்சைத் தாண்டுவதில்லை. படியில் கால் வைத்ததும் உடலே வேகஸைத் தளர்த்தி, இதயத்தை வேகப்படுத்தும் பரிவு நரம்பை முடுக்கிவிடுகிறது. பிடியே தளர்ந்துவிட்டால் டிகாக்சின் எதை இறுக்கும்?

இதற்காக நீங்களாக மாத்திரையைக் கூட்டிவிடாதீர்கள். டிகாக்சினில் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. குமட்டல், வாந்தி, பொருள்கள் மஞ்சளாகத் தெரிவது போன்றவை எச்சரிக்கைகள். நன்றாக நடமாடுபவர்களுக்குப் பரிவு நரம்பின் பக்கத்தை அடக்கும் பீட்டா பிளாக்கரைச் சேர்ப்பதோ, மாற்றித் தருவதோ உண்டு. உட்காரவைத்து நாடி பார்த்துவிட்டு 'கட்டுக்குள் இருக்கிறது' என்று எழுதும் பழக்கம் எங்கள் தொழிலில் இருக்கிறது. கொஞ்சம் நடக்கவைத்தும் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். மெட்டோபுரோலால் என்ற பீட்டா பிளாக்கர் தொடங்கிய பிறகு, சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பு வருவதில்லை. நல்லதுதானே?

இல்லை, கவனம் தேவை. படபடப்பும் கைநடுக்கமும் அட்ரினலின் தரும் எச்சரிக்கை மணி. பீட்டா பிளாக்கர் அந்த மணியின் நாக்கைக் கட்டிவிடுகிறது. சர்க்கரை தாழ்வது தாழ்ந்துகொண்டேதான் இருக்கும்.

ஆனால் வியர்வை தப்பிவிடுகிறது. வியர்வைச் சுரப்பிகளுக்குப் போவதும் பரிவு நரம்புதான் என்றாலும், அங்கே அது செய்தி சொல்வது அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வழியாக. பீட்டா பிளாக்கருக்கு அங்கே வேலையில்லை. (மாணவர்களைத் தேர்வில் மடக்க எனக்குப் பிடித்த விதிவிலக்கு இது.) காரணமில்லாமல் குப்பென்று வியர்த்தால் உடனே குளுக்கோமீட்டரை எடுங்கள்.

துடிப்பைச் சீராக்க டைசோபைரமைடு தொடங்கியதிலிருந்து வாய் வறள்கிறது, சிறுநீர் முக்கினால்தான் வருகிறது. சிறுநீரகம் கெட்டுவிட்டதா?

இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் என் சந்தேகம் முதலில் மருந்தின் மேல்தான். இது அசிட்டைல்கோலினைத் தடுக்கும். உமிழ்நீரும் சிறுநீர்ப்பையின் சுருக்கமும் அதை நம்பித்தான் இருக்கின்றன. வேகஸும் அசிட்டைல்கோலின் வழியாகத்தான் பேசுகிறது என்பதால், இரவுத் தூக்கத்தில், சாப்பிட்டபின் என்று வேகஸ் ஓங்கும் நேரங்களில் துடிப்பு குழம்புபவர்களுக்கு இதே குணம் உதவவும் செய்கிறது. புராஸ்டேட் வீக்கமோ கண்ணழுத்த நோயோ இருந்தால் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். சிறுநீர் அடியோடு நின்றுவிட்டால் அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும்.

பீட்டா பிளாக்கர் தொடங்கியபின் கைக்கடிகாரம் காட்டும் இதயத்துடிப்பு மாறுபாட்டு எண் (துடிப்புகளுக்கு இடையிலான நேரம் எவ்வளவு மாறுகிறது என்பது) ஏறிவிட்டது. இதயம் தேறிவிட்டதா?

அந்த எண் பெரும்பாலும் வேகஸின் செல்வாக்கைக் காட்டுவது. பரிவு நரம்பை அடக்கினால் மறுபக்கம் ஓங்கித் தெரியும். மாத்திரை உள்ளே போயிருக்கிறது என்பதற்கு மேல் அதில் எதையும் படிக்காதீர்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருக்கும் நேரத்தில் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை, துடிப்பே ஒழுங்கற்றது.

நாடி சீராகிவிட்டது. மாத்திரையை நிறுத்தலாமா?

எந்த மாத்திரை என்று எழுதவில்லையே! பீட்டா பிளாக்கர் என்றால் திடீரென்று கூடாது. நாள்கணக்கில் தடுக்கப்பட்ட இதயச் செல்கள் அட்ரினலினுக்கான ஏற்பிகளை, அதாவது அது வந்து ஒட்டும் இடங்களை, பெருக்கி வைத்திருக்கும். தடை நீங்கியதும் சாதாரண அட்ரினலினுக்கே நாடி பாயும். நெஞ்சுவலி, ஏன், மாரடைப்புகூட வரலாம். மருத்துவர் சொல்லும் கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். துடிப்பைச் சீராக்கும் இன்னொரு மருந்தான அமியோடரோன் என்றால் கதை வேறு. அதற்கும் பரிவு நரம்பை அடக்கும் குணம் உண்டு; ஆனால் கொழுப்பில் தங்கிவிடுவதால், நிறுத்திய பிறகும் வாரங்கள், சிலருக்கு மாதங்கள், வேலை செய்துகொண்டிருக்கும். இடையில் வேறு மருந்து தொடங்கினால் அமியோடரோன் சாப்பிட்டதை மறக்காமல் சொல்லுங்கள்.