பெங்களூரில் ஓடும் காருக்கு வீட்டிலேயே அட்டை, பிளாஸ்டிக் வைத்துக் காற்றுத்தடையைக் குறைத்தால் மைலேஜ் கூடுமா?

நீங்கள் தினமும் நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி ஆபீஸ் போகிறவர் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், அதாவது வேகம் இரண்டு மடங்கானால் தடை நாலு மடங்கு. சாதாரண ஹேட்ச்பேக் 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது காற்று தடுப்பதைப் போல நாலு மடங்கு டயர் இழுக்கும், 100இல் போனால் தலைகீழ், காற்று டயரைவிட இரண்டு மடங்குக்கு மேல் இழுக்கும். சில்க் போர்டில் நமக்கு 30 எங்கே கிடைக்கிறது? அங்கே பெட்ரோல் போவது பிரேக்கிலும் சும்மா நின்று உறுமுவதிலும்தான்.

வாராவாரம் ஊருக்குப் போகிறவர் என்றால் கதை வேறு. நான் அந்த ரகம், அம்மா தர்மபுரியில் இருக்கிறார். ஓசூருக்கு முன்னால் எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளி தாண்டிவிட்டால் வண்டி 80, 90இல் நிற்கும், அங்கேதான் காற்று உண்மையிலேயே காசு கேட்கும்.

முதல் வேலையாகக் கூரை மேல் இருந்த கேரியரைக் கழற்றினேன். செலவே இல்லை, பலன் அதில்தான் அதிகம். அப்புறம் தேர்தலுக்குக் கம்பத்தில் கட்டுவார்களே, அந்த சன்பேக் ஷீட், அதை வெட்டி முன் கிரில்லுக்குப் பின்னால் கேபிள் டை போட்டு மேல் பாதியை மட்டும் மூடினேன். முழுசாக மூடாதீர்கள், ஏசி கண்டென்சரும் ரேடியேட்டரும் அங்கேதான் இருக்கின்றன. மார்ச் வெயில் வந்ததும் நான் எடுத்துவிடுவேன். பம்பருக்குக் கீழிருந்து இன்ஜின் வரை அடியில் ஒரு தட்டு, சைலன்சர் குழாய் பக்கமே போகாமல். சக்கரத்துக்குத் தட்டையான மூடி.

மேல்வீட்டு அண்ணன் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, காருக்குக் கோவணம் கட்டியிருக்க?” என்றார். சிரிக்கட்டும். 1999இல் வந்த ஹோண்டா இன்சைட்டில் பின்சக்கரத்தையே பாதி மூடித்தான் விற்றார்கள், இழுவைக் கெழு 0.25 (இந்த எண் குறையக் குறையக் காற்று குறைவாகத் தடுக்கும்). இன்றைக்குப் பல கார்களில் கிரில் தானாகத் திறந்து மூடுகிறது. கம்பெனிக்காரன் செய்தால் டெக்னாலஜி, நான் செய்தால் கோவணமா?

எவ்வளவு கூடியது என்றால், ஹைவேயில் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் சுமார், கேரியர் போனதையும் சேர்த்து. யூடியூபில் சொல்கிற 30 சதவீதமெல்லாம் கிடையாது. டாஷ்போர்டு காட்டும் எண்ணை நம்பாமல் ஒரே பங்க்கில் டேங்கை நிரப்பிக் கணக்குப் போடுங்கள், அதுவும் போய்த் திரும்பியதும். பெங்களூர் 900 மீட்டர் உயரம், தர்மபுரி 500க்கும் கீழே. போகும்போது மட்டும் பார்த்தால் எந்த வண்டியும் நல்ல மைலேஜ்தான் தரும்.

மோட்டார் வாகனச் சட்டம் செக்‌ஷன் 52, வண்டியை மாற்றக்கூடாது என்று யாராவது கமெண்ட்டில் வருவார்கள், தெரியும். நான் பாடியை வெட்டவில்லை, அகலம் நீளம் மாற்றவில்லை, எல்லாம் கையால் கழற்றக்கூடிய அட்டை. அதைக் கேட்கிறவர் முதலில் தன் வண்டி முன்னால் இருக்கும் இரும்பு புல் பாரைக் கழற்றட்டும், 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு கூடாது என்று சொன்னது அது.

எனக்கு உண்மையான தொல்லை எங்கள் தெரு வேகத்தடைதான். 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம் என்று சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்திய சாலை காங்கிரஸின் விதியே இருக்கிறது. எங்கள் தெருவில் ராத்திரியோடு ராத்திரியாகத் தார் கொட்டிப் போட்டிருப்பது ஒரு சுவர். பெயின்ட் இல்லை, போர்டு இல்லை, தண்ணீர் லாரி மட்டும் அலட்டிக்கொள்ளாமல் தாண்டும். அடித்தட்டை இரண்டாவது முறையாக அதுதான் கிழித்தது. புகார் கொடுத்தால் ‘தீர்க்கப்பட்டது’ என்று மெசேஜ் வருகிறது, தடை அப்படியே இருக்கிறது. மூன்று பேர் பைக்கில் விழுந்தும் யாருக்கும் உறைக்கவில்லை.

நீங்களும் ஹைவேக்காரர் என்றால் முதலில் டயரில் காற்றைச் சரிபாருங்கள், அப்புறம் கேரியர், கடைசியில் அட்டை. ஷீட்டைப் புதிதாக வாங்காதீர்கள், விளம்பரப் போர்டு அடிக்கிற கடையில் கேட்டால் மிச்சத் துண்டைச் சும்மாவே தருவார்கள்.