பழைய மினி காரில் ஸ்டீயரிங் லாக் ஒயர்களைத் திரும்ப இணைப்பது எப்படி?

ஸ்டீயரிங் லாக்கோடு சேர்ந்த சாவி சுவிட்சின் பிளக் உடைந்து தனித்தனி ஒயராகத் தொங்குகிறது, எது எங்கே போகும் என்று கேட்டிருக்கிறீர்கள். நிறத்தைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. அந்தக் கால பிரிட்டிஷ் கார்கள் பெரும்பாலானவற்றில் ஒயர் நிறங்களுக்கு ஒரே முறைதான்.

முதலில் டிக்கியில் இருக்கும் பேட்டரியின் இணைப்பைக் கழற்றுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. பிரவுன் ஒயரில் சாவி இல்லாமலேயே எப்போதும் கரண்ட் இருக்கும், நடுவில் பியூஸும் கிடையாது. அது பாடியில் உரசினால் ஒயர் கருகிவிடும்.

வெள்ளை ஒயர் இக்னிஷனுக்கு. வெள்ளையில் சிவப்புக் கோடு போட்டது செல்ஃப் மோட்டாருக்கு. மீதி இருப்பது பெரும்பாலும் ரேடியோ போன்றவற்றுக்கு. வருடங்கள் ஓடியதில் வெள்ளை பழுப்பேறி பிரவுன் போலவே தெரியும். ஒயர்களைச் சுற்றியிருக்கும் டேப்பைக் கொஞ்சம் பிரித்து, வெளிச்சம் படாத இடத்தில் நிறத்தைப் பாருங்கள்.

சுவிட்ச் பக்கம் நிறம் தெரியாவிட்டால், எந்த முனை எதனோடு சேர்கிறது என்று மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். சாவி அணைந்திருக்கும்போது பிரவுன் முனை எதனோடும் சேரக் கூடாது. இக்னிஷனில் வெள்ளையோடு சேர வேண்டும். ஸ்டார்ட்டில் சிவப்புக் கோட்டு ஒயரோடும் சேர்ந்து, சாவியை விட்டதும் விலக வேண்டும். விலகாவிட்டால் சுவிட்சை மாற்றுங்கள். இல்லையென்றால் செல்ஃப் நிற்காமல் சுற்றும்.

அப்புறம், நியூட்ரலில் போட்டுவிட்டு பேட்டரியை மாட்டுங்கள். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஒயர் எங்கும் இழுபடவில்லை என்று பார்த்தபின் கவரை மூடலாம்.