கால் விறைப்புக்கு மாத்திரையைக் கூட்டலாமா?

ஜப்பானின் ககோஷிமாவிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: ஜப்பானியரான அவருடைய மாமியாருக்கு ரத்த வெள்ளையணுக்களைத் தொற்றும் எச்.டி.எல்.வி-1 என்ற வைரஸால் தண்டுவடம் பாதித்திருக்கிறது, கால்கள் விறைத்து அடிக்கடி தடுக்கி விழுகிறார், தசை விறைப்பைக் குறைக்கும் பேக்லோஃபென் மாத்திரையைக் கூட்டலாமா, உடற்பயிற்சி செய்தால் விறைப்பு இன்னும் அதிகமாகிவிடாதா?

நீங்களாகக் கூட்டாதீர்கள். இந்த நோயில் விறைப்பும் பலவீனமும் சேர்ந்தே இருக்கும். உடல் வைரஸைத் துரத்தப்போய் உண்டாகும் அழற்சி பெரும்பாலும் நடுமுதுகுப் பகுதித் தண்டுவடத்தைக் கெடுக்கிறது, அதனால்தான் கையில் நல்ல பலம் இருக்கும்போதே கால் சொன்னபடி கேட்பதில்லை. குறிப்பாகத் தொடையைத் தூக்கும் இடுப்புத் தசை தளர்ந்துபோகும். அவருடைய ஷூவைத் திருப்பிப் பாருங்கள், முன்நுனி தேய்ந்திருந்தால் கால் தூக்கப்படாமல் இழுபடுகிறது என்று அர்த்தம். இப்படிப்பட்டவர்கள் பலர் அந்த விறைப்பையே முட்டாக வைத்துத்தான் எழுந்து நிற்கிறார்கள், மாத்திரையால் அதை அளவுக்கு மீறிக் குறைத்தால் முழங்கால் மடங்கி விழ வேண்டியதுதான். திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, வலிப்பே வரலாம்.

சமீபத்தில் விறைப்பு கூடியிருக்கிறதா? அப்படியானால் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். இந்த நோயில் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாது, தொற்று எளிதில் வரும், அது கால் விறைப்பைத் தூண்டிவிடும். மலச்சிக்கலும் படுக்கைப் புண்ணும்கூட அப்படித்தான்.

பயிற்சி கட்டாயம் வேண்டும். பலப்படுத்தினால் விறைப்பு கூடும் என்பது பழைய பயம். கைப்பிடி உள்ள நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது நல்ல பயிற்சி, பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். கெண்டைக்கால் தசையை மெதுவாக இழுத்து அரை நிமிடமாவது பிடித்திருங்கள், வெடுக்கென்று இழுத்தால் பாதம் படபடவென்று துடிக்கும். முடிந்தால் தினமும் கொஞ்ச நேரம் குப்புறப் படுக்கட்டும், இடுப்பு மடங்கிய நிலையிலேயே இறுகிப்போகாமல் இருக்க அது உதவும். களைத்துக் கால் இழுபட ஆரம்பித்தால் அன்றைக்கு அத்தோடு போதும்.

ஒரு விதத்தில் நீங்கள் சரியான ஊரில் இருக்கிறீர்கள். 1986-ல் இந்த நோயை இந்த வைரஸோடு சேர்த்து விவரித்தவர்கள் ககோஷிமா மருத்துவர்கள்தான் (அதற்கு முந்தைய ஆண்டு கரீபியன் கடலிலுள்ள மார்ட்டினிக் தீவிலும் இதே தொடர்பு தெரியவந்திருந்தது). அதனால் மருந்தின் அளவு, கணுக்காலுக்கான பிடிப்புப் பட்டை, அடுத்த கட்ட சிகிச்சை எல்லாவற்றையும் அங்குள்ள நரம்பியல் மருத்துவரிடமே பேசுங்கள்.

அப்புறம், அவர் எப்போது விழுகிறார் என்று கவனித்தீர்களா? ராத்திரியில் சிறுநீர் முட்டிக்கொண்டு அவசரமாக எழும்போதுதான் நிறையப் பேர் விழுகிறார்கள். கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஒரு கமோடு நாற்காலி போடுங்கள், விளக்கு எரியட்டும், தரைவிரிப்பை எடுத்துவிடுங்கள். இதை இன்றைக்கே செய்யலாம்.