தலையில் அடித்து வாங்கிய சத்தியம்

கேள்வி: நான்காம் படிவம் படிக்கும் என் மகள் தன் கையைத் தானே காயப்படுத்திக்கொள்கிறாள் என்று பள்ளி ஆலோசக ஆசிரியை சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. வீட்டிலும் முழுக்கைச் சட்டையோடுதான் இருக்கிறாள். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு அழைத்துப் போய், என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினேன். மறுமாதமே மறுபடியும் செய்திருக்கிறாள். எங்களை மிரட்டிக் காரியம் சாதிக்கப் பார்க்கிறாளா? — பட்டர்வொர்த் வாசகி

பதில்: சகோதரி, சத்தியம் வாங்கியதை நீங்கள் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள், எனக்கோ அதைத் தாண்டிப் போக மனமில்லை. தலையில் அடித்த சத்தியம் பொய்த்தால் பெற்றவளுக்கு ஆகாது என்று கேட்டு வளர்ந்த பெண்ணிடம் உங்கள் உயிரையே பணயமாக வைத்திருக்கிறீர்கள். அதை மீறிய இரவில் அவள் என்னவெல்லாம் நினைத்துப் பயந்திருப்பாள் என்று ஒரு நிமிடமாவது யோசித்தீர்களா?

மிரட்ட நினைப்பவள் பினாங்கு வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு மறைக்க மாட்டாள். இப்படிச் செய்யும் பிள்ளைகளில் பலர் சாவதற்காகச் செய்வதில்லை. வெளியே சொல்ல முடியாத துக்கமோ ஆத்திரமோ, சில வேளைகளில் எதையுமே உணராமல் மரத்துப்போன நிலையோ தாங்க முடியாததாகும்போது, உடலின் வலி மனத்தின் வலியைச் சற்று நேரம் அடக்கிவைக்கிறது. அது தணிந்ததும் வெட்கமும் குற்றவுணர்வும் வந்து பழைய துக்கத்தோடு சேர்ந்துகொள்ள, மீண்டும் அதே வழியை நாடுகிறார்கள். உங்கள் சத்தியம் அந்தக் குற்றவுணர்வைத்தான் கூட்டியது.

நானும் முருகனைக் கும்பிடுகிறவன்தான். நம் ஊரில் பிள்ளை நோயில் படுத்தால் பெற்றவள் விரதமிருந்து பால்குடம் எடுப்பாள். படுத்திருக்கும் பிள்ளையின் தலையில் குடத்தை ஏற்ற மாட்டாள். பிள்ளையின் பாரத்தைப் பெற்றவர் சுமக்க வேண்டும், பெற்றவரின் நிம்மதிக்குப் பிள்ளை பொறுப்பல்ல என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை.

இன்றே அந்தச் சத்தியத்திலிருந்து அவளை விடுவியுங்கள். “பயத்தில் வாங்கிவிட்டேன், அது உன்னைக் கட்டாது, எனக்கும் ஒன்றும் ஆகாது” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சட்டைக் கையை விலக்கிச் சோதிக்காதீர்கள். காயத்துக்கு மருந்து வேண்டுமா என்று மட்டும் கேளுங்கள். துக்கத்தைத் தாங்க வேறு வழி பழகும்வரை இது ஒரு வார்த்தையில் நிற்காது. அதைக் கற்றுத்தரப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். 1 ரிங்கிட் வாங்கும் அரசாங்கக் கிளினிக்கில் சொன்னால் மனநல மருத்துவரிடம் அனுப்பிவைப்பார்கள். போலீஸ் கேஸாகிவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள்; தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவே 2023இல் நீக்கப்பட்டுவிட்டது.

சாகும் எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. தன்னைக் காயப்படுத்திக்கொள்வோருக்கு அந்த ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல் என்பதால் கேட்காமல் விடவும் கூடாது. ஆம் என்றால், தனியே விடாமல் அப்போதே செபராங் ஜெயா மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். நள்ளிரவில் பேச ஆள் வேண்டுமென்றால் பிஃப்ரண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 என்ற எண்ணில் 24 மணி நேரமும் கேட்பார்கள். அவளுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும்தான்.